மைனஸ் 162 டிகிரியைத் தாங்கும் தொட்டி: நிக்கல் எஃகில் விரிசல் விழாமல் வெல்டிங் செய்வது எப்படி?

தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். வீட்டு இரும்பு கேட்டின் வெல்டிங்கில் அது இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. பல வருஷம் அப்படியே ஓடிவிடும். அதே விரிசல், மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவ எரிவாயுவை வைத்திருக்கும் தொட்டியில் இருந்தால் நிலைமை வேறு.

1944-ம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், திரவ எரிவாயு நிரப்பியிருந்த தொட்டி ஒன்று உடைந்தது. 130 பேர் உயிரிழந்தனர். இத்தனைக்கும் அந்தத் தொட்டி, குளிரைத் தாங்கும் என்று நம்பி நிக்கல் கலந்த எஃகால் கட்டப்பட்டதுதான்.

எஃகு ஏன் குளிரில் உடைகிறது? நிக்கல் கலந்தால் என்ன மாறுகிறது? அந்த எஃகை விரிசல் இல்லாமல் வெல்டிங் செய்ய என்னென்ன கவனிக்க வேண்டும்? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

எரிவாயுவை ஏன் இவ்வளவு குளிர வைக்கிறார்கள்?

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண காற்றழுத்தத்தில் இது மைனஸ் 162 டிகிரியில் திரவமாகிறது. திரவமானதும் அதன் கன அளவு சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது 600 தொட்டிகளில் அடைக்க வேண்டிய வாயுவை ஒரே தொட்டியில் வைத்துவிடலாம். கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவர இந்தச் சுருக்கம்தான் உதவுகிறது. இப்படித் திரவமாக்கப்பட்ட எரிவாயுவைத்தான் எல்.என்.ஜி என்கிறோம்.

இப்படிக் குளிரவைத்துச் சேமிக்கப்படும் மற்ற வாயுக்களும் உண்டு. சாதாரண காற்றழுத்தத்தில் அவை திரவமாக இருக்கும் வெப்பநிலை இதோ:

• புரொப்பேன் - மைனஸ் 42 டிகிரி
• எத்திலீன் - மைனஸ் 104 டிகிரி
• ஆக்சிஜன் - மைனஸ் 183 டிகிரி
• நைட்ரஜன் - மைனஸ் 196 டிகிரி

இவற்றைச் சேமிக்கும் கலன்கள் இரண்டு வகை. துறைமுகங்களில் நிற்கும் பிரம்மாண்ட எல்.என்.ஜி தொட்டிகளில் அழுத்தம் மிகக் குறைவு, குளிரும் எடையும்தான் அதிகம். தொழிற்சாலைகளில் இருக்கும் சிறிய கலன்கள் குளிரோடு அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இரண்டிலும் வெல்டிங்குக்கான அடிப்படை ஒன்றுதான்.

எஃகு குளிரில் ஏன் உடைகிறது?

அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப்பாகை இழுத்தால் நீளும். நன்றாக ஆறி இறுகிய பிறகு தட்டினால் சட்டென்று உடையும். பொருள் அதேதான், வெப்பநிலை மட்டும்தான் மாறியிருக்கிறது.

சாதாரண எஃகும் கிட்டத்தட்ட அப்படித்தான். அறை வெப்பநிலையில் எஃகின் மீது விசை கூடும்போது, உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். அதனால் எஃகு நீளும், வளையும். ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தாலும் அதன் முனை மழுங்கி, மேற்கொண்டு போகாமல் நின்றுவிட வாய்ப்பு உண்டு.

குளிர் ஏற ஏற இந்த வழுக்கல் குறைகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே எஃகு நீள மறுக்கிறது. அப்போது விரிசலின் முனை கூர்மையாகவே இருக்கும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் அது பிளேட்டைக் கிழித்துக்கொண்டு ஓடும். யாரும் ஓடிப்போய்த் தடுக்க முடியாது.

1943 ஜனவரி 16-ம் தேதி அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். புதிதாகக் கட்டப்பட்ட 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், கடலில் அலையில் சிக்காமல், துறையில் கட்டிப்போட்டிருந்த இடத்திலேயே பயங்கரச் சத்தத்துடன் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழைய கப்பல்கள் ரிவெட் அடித்துக் கட்டப்பட்டவை. ஒரு பிளேட்டில் விழும் விரிசல், அந்தப் பிளேட்டின் ஓரத்துக்கு வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் செய்த கட்டமைப்பில் எல்லாப் பிளேட்டும் சேர்ந்து ஒரே உடம்பு. அதனால் ஒரு ஜாயின்ட்டில் பிறக்கும் விரிசலுக்கு எங்கேயும் தடுப்புச்சுவர் கிடையாது.

நிக்கல் என்ன செய்கிறது?

எஃகில் நிக்கல் சேரச் சேர, அது உடையும் தன்மைக்கு மாறும் வெப்பநிலை கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால் எந்த வாயுவைச் சேமிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து நிக்கல் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

• சுமார் 2.25 சதவீத நிக்கல் - மைனஸ் 68 டிகிரி வரை
• 3.5 சதவீத நிக்கல் - சுமார் மைனஸ் 100 டிகிரி வரை
• 5 சதவீத நிக்கல் - எத்திலீன் போன்ற வாயுக்களுக்கு
• 9 சதவீத நிக்கல் - மைனஸ் 196 டிகிரி வரை

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் கடுங்குளிரில் திடீரென உடையும் தன்மைக்கு மாறுவதில்லை. மருத்துவமனை வளாகங்களில் நிற்கும் திரவ ஆக்சிஜன் கலன்களின் உள்பகுதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதிகம் பயன்படுவது அதனால்தான். அப்படியிருக்க பெரிய தொட்டிக்கு எதற்கு நிக்கல் எஃகு? 9 சதவீத நிக்கல் எஃகின் வலிமை, வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ரொம்ப அதிகம். மெல்லிய பிளேட்டிலேயே வேலை முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான டன் எஃகு தேவைப்படும் தொட்டியில் இது பெரிய சேமிப்பு.

கிளீவ்லாந்தில் என்ன நடந்தது?

1944 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை பிற்பகல். ஈரி ஏரிக்கரை அருகே கிழக்கு ஒஹையோ கேஸ் நிறுவனத்தின் எல்.என்.ஜி வளாகத்தில் நான்கு தொட்டிகள் இருந்தன. மூன்று தொட்டிகள் கோள வடிவம். பின்னால் கட்டப்பட்ட நான்காவது தொட்டி உருளை வடிவம், மற்றவற்றைவிடப் பெரியது. எல்லாம் 3.5 சதவீத நிக்கல் எஃகு.

அன்று நான்காவது தொட்டி உடைந்து திரவம் வெளியே கொட்டியது. குளிர்ந்த ஆவி தரையோடு தரையாகப் பரவி, தெருக்களிலும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறங்கியது. தீப்பொறி பட்டதும் வெடித்தது. சாக்கடை மூடிகள் பறந்தன, வீடுகள் எரிந்தன. சிறிது நேரத்தில் வெப்பத்தால் இன்னொரு கோளத் தொட்டியும் சரிந்தது. 130 பேர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் வீடிழந்தனர்.

தொட்டி உடைந்ததற்கு இதுதான் ஒரே காரணம் என்று விசாரணையில் அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. ஆனால் இரண்டு பாடங்கள் தெளிவாகின. ஒன்று, அவ்வளவு குளிருக்கு 3.5 சதவீத நிக்கல் எஃகு போதாது. மேலே உள்ள பட்டியலைப் பார்த்தாலே புரியும்: சுமார் மைனஸ் 100 வரைக்கும் பொருத்தமான எஃகை, மைனஸ் 150-க்கும் கீழே வேலை வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, தொட்டி உடைந்தாலும் திரவம் ஊருக்குள் போகாதபடி சுற்றிலும் தடுப்பு வேண்டும்.

இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் எல்.என்.ஜி சேமிப்பு பல ஆண்டுகள் முடங்கிப்போனது.

9 சதவீத எஃகு எப்படி நம்பிக்கையைப் பெற்றது?

9 சதவீத நிக்கல் எஃகை 1940-களில் உருவாக்கியது இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனம். எஃகு தயாரானாலும் ஒரு சிக்கல் இருந்தது. வெல்டிங் செய்த பிறகு முழுக் கலனையும் உலையில் வைத்துச் சூடேற்றி, உள்ளே தங்கியிருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்பது அன்றைய விதி. நாலு மாடி, அஞ்சு மாடி உயரத் தொட்டியை எந்த உலையில் வைப்பது?

இதற்கு விடை காண 1960-ல் 'ஆபரேஷன் கிரையோஜெனிக்ஸ்' என்ற சோதனை நடந்தது. இன்டர்நேஷனல் நிக்கல், யு.எஸ். ஸ்டீல், சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து நடத்தின. உண்மையான கலன்களையே செய்து, கடுங்குளிர் ஏற்றி, உடையும் வரை சோதித்தார்கள். உலையில் வைக்காத கலன்களும் பாதுகாப்பாகத் தாங்கின. அதன் பிறகு, குறிப்பிட்ட தடிமன் வரை அந்தச் சூடேற்றல் தேவையில்லை என்று விதி மாறியது. இன்று பெரிய எல்.என்.ஜி தொட்டிகளை நின்ற இடத்திலேயே கட்ட முடிவது இந்த மாற்றத்தால்தான்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. வெல்டிங்குக்குப் பிறகு உலை வைத்தியம் கிடையாது என்றால், வெல்டர் போட்டது போட்டதுதான். ஜாயின்ட் ஆறி நிற்கும் நிலையிலேயே அது சரியாக இருந்தாக வேண்டும்.

அதே எஃகால் செய்த ராடை வைத்து வெல்டிங் செய்யலாமே?

பலருக்கும் வரும் முதல் சந்தேகம் இது. 9 சதவீத நிக்கல் பிளேட்டுக்கு 9 சதவீத நிக்கல் ராடு போட்டால் பொருத்தம்தானே?

ஆனால் பிளேட்டின் உறுதி கலவையால் மட்டும் வருவதில்லை. ஆலையில் அதைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங்கில் உருகி உறையும் உலோகத்துக்கு அந்தப் பக்குவம் கிடைக்காது. அதனால் குளிரில் அது பிளேட் அளவுக்குத் தாங்குவதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு போட்டால்? வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்கும் அளவு பிளேட்டுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. தொட்டி குளிரும்போதெல்லாம் ஜாயின்ட் ஓரத்தில் இழுபறி நடக்கும்.

அதனால் பெரும்பாலும் நிக்கலையே அடிப்படையாகக் கொண்ட உலோகக் கலவை ராடுகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் பாதிக்கு மேல் நிக்கல், கூடவே குரோமியம், மாலிப்டினம் இருக்கும். இன்கோனெல் 625, ஹாஸ்டெல்லாய் சி-276 வகைகள் இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் பெயர்கள். மைனஸ் 196 டிகிரியிலும் இவை உடையும் தன்மைக்கு மாறுவதில்லை. விரிவும் சுருக்கமும் பிளேட்டோடு ஓரளவு ஒத்துப்போகும்.

விலை அதிகம் என்பது ஒரு பக்கம். வெல்டருக்கு இவை தரும் தலைவலி இன்னொரு பக்கம்.

விரிசல் எங்கிருந்து வருகிறது?

1. சூட்டிலேயே விழும் விரிசல்: நிக்கல் ராடின் முதல் எதிரி கந்தகம். சுத்தமான நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். அதில் கந்தகம் கலந்தால் உருவாகும் கலவை சுமார் 640 டிகிரி வரைக்கும் உறையாமல் திரவமாகவே இருக்கும். ஜாயின்ட்டின் பெரும்பகுதி உறைந்து சுருங்க ஆரம்பித்துவிடும். ஆனால் உலோகத் துகள்களுக்கு இடையே மெல்லிய திரவப் படலம் மட்டும் மிச்சமிருக்கும். சுருங்கும் உலோகம் இரண்டு பக்கமும் இழுக்க, அந்தப் படலம் இருந்த இடம் கிழிந்துவிடும். பாஸ்பரஸும் இதே வேலையைச் செய்யும். இவை எங்கிருந்து வருகின்றன? எண்ணெய், கிரீஸ், பெயின்ட், பிளேட்டில் குறி போட்ட சாக்பீஸ் அல்லது மார்க்கர் - இதில் எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

2. ரன் முடியும் இடத்தில் விழும் விரிசல்: வெல்டர் ராடைச் சட்டென்று தூக்கினால், கடைசியில் ஒரு சின்னப் பள்ளம் விழும். இதை கிரேட்டர் என்பார்கள். அந்தப் பள்ளத்தின் நடுப்பகுதிதான் கடைசியாக உறையும். அங்கே நட்சத்திர வடிவில் விரிசல் விழுவது நிக்கல் கலவைகளில் சகஜம்.

3. ஒட்டாமல் போவது: நிக்கல் கலவை, பிளேட்டைவிடச் சுமார் 100 டிகிரி குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும். மேலும் உருகிய பிறகும் சாதாரண ராடு போல ஓடாது, களி மாதிரி மந்தமாகத்தான் நகரும். ராடு உருகி வழிந்திருக்கும், ஆனால் பக்கச் சுவரான பிளேட் உருகியிருக்காது. பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், உண்மையில் ஒட்டியிருக்காது. பின்னாளில் விரிசல் கிளம்ப இந்த இடம் போதும்.

4. ஈரத்தால் வரும் விரிசல்: ராடின் மேல்பூச்சில் ஈரம் இருந்தால், அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து எஃகுக்குள் போகும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழலாம். நிக்கல் கலவை ராடு போடும்போது இந்த அபாயம் குறைவு. ஆனாலும் ஈரம் காற்றுத் துளைகளை உண்டாக்கும்.

காந்தத்துக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?

9 சதவீத நிக்கல் எஃகுக்கே உரிய விசித்திரமான பிரச்சினை இது. இந்த எஃகு எளிதில் காந்தமாகிவிடும், காந்தத்தைச் சுலபத்தில் விடவும் செய்யாது. காந்த கிரேனால் தூக்கினாலே போதும், பிளேட்டில் காந்தம் தங்கிவிடும்.

வெல்டிங் ஆர்க் என்பது மின்சாரம் பாயும் பாதை. காந்தப்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளும். காற்றில் ஆடும் விளக்குச் சுடர் மாதிரி ஆர்க் ஓரமாக ஒதுங்கிவிடும். வெல்டர்கள் இதை ஆர்க் ப்ளோ என்பார்கள். எவ்வளவு கைத்திறமை இருந்தாலும், ஆர்க் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்றால் அந்த இடம் ஒட்டாது.

அதனால் பிளேட் ஆலையிலிருந்து வரும்போதே காந்த அளவு 50 காஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவது வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க: பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ்தான். வேலை நடக்கும் இடத்தில் காஸ் மீட்டர் வைத்து மறுபடியும் பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் காந்தத்தை நீக்கிவிட்டுத்தான் வெல்டிங். கையால் ராடு போடும்போது, ஒரே திசையில் பாயும் டி.சி-க்குப் பதில், திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி மின்சாரத்தை விரும்புவதும் இதற்காகத்தான்.

விரிசல் விழாமல் வெல்டிங் செய்வது எப்படி?

ரகசியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும், ஒவ்வொரு ரன்னிலும் சலிக்காமல் செய்ய வேண்டிய வேலைகள்தான்.

• சுத்தம்: ஜாயின்ட் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் குறைந்தது 25 மில்லிமீட்டருக்கு எண்ணெய், பெயின்ட், துரு, குறி எதுவும் இருக்கக் கூடாது. கேஸ் கட்டிங் செய்த ஓரமாக இருந்தால் கருத்த படலம் போகும் வரை கிரைண்டிங் செய்ய வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண இரும்பு வேலைக்குப் போட்ட கிரைண்டிங் வீலை இதற்குப் போடக் கூடாது.

• வாய் அகலம்: உருகிய உலோகம் தானாக ஓடிப்போய் மூலையை நிரப்பாது. அதனால் சாதாரண எஃகைவிட 'வி' வடிவ வாயை அகலமாக வைக்க வேண்டும். ராடு பக்கச் சுவரைத் தொடும் அளவுக்கு இடம் வேண்டும்.

• ராடு: தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில், சொன்ன நேரம் அவனில் வைத்து உலர்த்த வேண்டும். பிறகு சூடான பெட்டியிலேயே வைத்திருந்து, தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும். காலையில் எடுத்து வெளியே வைத்த ராடை மத்தியானம் போடுவது தப்பு.

• சூடு: சாதாரண தடிமனில் 9 சதவீத எஃகை முன்கூட்டியே சூடேற்றத் தேவையில்லை. ஈரம் போகும் அளவுக்கு லேசான சூடு போதும். ஒரு ரன் முடிந்து அடுத்த ரன் போடும் முன் ஜாயின்ட் 150 டிகிரிக்குக் கீழே வந்திருக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு சூடாக அடுக்கினால், நிக்கல் உலோகம் விரிசல் விடும், பக்கத்தில் இருக்கும் பிளேட்டின் பதமும் கெடும்.

• ரன்: ஆர்க் நீளம் குறைவாக, ராடை அதிகம் ஆட்டாமல், ஒல்லியான நேர் ரன்களாகப் போட வேண்டும். ஒரே ரன்னில் நிறைய நிரப்பப் பார்க்கக் கூடாது. குழிந்த ரன்னைவிட லேசாக மேடான ரன் விரிசலைத் தாங்கும்.

• முடிவு: ராடைச் சட்டென்று தூக்காமல், சற்றே பின்னால் வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டு எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தை கிரைண்டிங் செய்துவிட்டுத்தான் அடுத்த ராடைத் தொடங்க வேண்டும். நேரம் ஆகிறது என்று அதிகம் கைவிடப்படும் வேலை இதுதான்.

• மறுபக்கம்: ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்திலிருந்து சுத்தமான உலோகம் தெரியும் வரை குடைந்து எடுத்து, சிவப்பு மை பூசும் டி.பி. டெஸ்ட் செய்து, விரிசல் இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பக்கம் தொடங்க வேண்டும்.

• ஆர்க் பற்றவைக்கும் இடம்: ராடைப் பிளேட்டின் மேல் உரசித் தொடங்கக் கூடாது. ஜாயின்ட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். வெளியே பட்ட சின்னத் தீக்காயமும் ஒரு பலவீனமான இடம்தான், அதைக் கிரைண்டிங் செய்து சோதிக்க வேண்டும்.

பெரிய தொட்டிகளில் கிடைமட்ட ஜாயின்ட்டுகளுக்குப் பெரும்பாலும் இயந்திரம்தான். பிளேட்டின் மேல் ஓரத்திலேயே தண்டவாளம் மாதிரி ஓடிக்கொண்டு, பவுடர் மூடிய ஆர்க்கில் வெல்டிங் செய்யும். செங்குத்து ஜாயின்ட்டுகளில் வெல்டரின் கைவேலை இன்றும் முக்கியம்.

3.5 சதவீத எஃகுக்கும் இதே விதியா?

இல்லை. எத்திலீன் அளவுக்குக் குளிர் போகாத கலன்களுக்கு 3.5 சதவீத நிக்கல் எஃகு இன்றும் பயன்படுகிறது. இதற்குப் பிளேட்டை ஒத்த கலவை கொண்ட ராடையே போட முடியும். அப்போது காந்தமும் மந்தமான உருகலும் பெரிய கவலை இல்லை. ஈரமும் ஹைட்ரஜனும்தான் முதல் கவலை. பிளேட் தடிமனாக இருந்தால் முன்சூடு தேவைப்படும். ராடு உலர்வாக இருப்பது கட்டாயம். ஆனால் அதிகச் சூடு கொடுத்தால் குளிர் தாங்கும் தன்மை குறையும் என்பது இதற்கும் பொருந்தும்.

9 சதவீத எஃகில் பழகிய வெல்டர், அதே பழக்கத்தோடு முன்சூடு இல்லாமல் 3.5 சதவீத எஃகைத் தொட்டால் சிக்கல்தான். எந்த எஃகு, எந்த ராடு என்பதை எழுதிவைத்த வெல்டிங் நடைமுறைத் தாளைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

முதல் சோதனை, வேலை தொடங்கும் முன்பே நடக்கும். அதே பிளேட், அதே ராடு, அதே சூட்டில் ஒரு மாதிரி ஜாயின்ட் போட்டு, அதிலிருந்து சுண்டுவிரல் பருமனில் சின்னத் துண்டுகளை வெட்டி எடுப்பார்கள். 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம், நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டு. இதைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து, வெளியே எடுத்த 5 விநாடிக்குள் ஊசல் சுத்தியலால் அடித்து உடைப்பார்கள். இதுதான் சார்ப்பி சோதனை. உடைய எவ்வளவு ஆற்றல் தேவைப்பட்டது, உடையும் முன் துண்டு பக்கவாட்டில் எவ்வளவு விரிந்தது என்று அளப்பார்கள். கண்ணாடி போல உடைந்தால் அந்த முறையில் வேலை தொடங்கவே முடியாது.

அடுத்து, உண்மையான ஜாயின்ட்டுகளுக்கு எக்ஸ்ரே படம் எடுக்கும் சோதனை, டி.பி. டெஸ்ட். சாதாரண எஃகில் செய்வது போலக் காந்தத் துகள் தூவிப் பார்க்கும் சோதனை இங்கே சரிவராது. நிக்கல் ஜாயின்ட் காந்தத்தில் ஒட்டாது, பிளேட் ஒட்டும், அதனால் எல்லை முழுக்கப் பொய்யான அடையாளம் காட்டும். போதாக்குறைக்குப் பிளேட்டில் மறுபடியும் காந்தம் ஏறிவிடும். அல்ட்ராசானிக் சோதனையிலும் சவால் உண்டு. நிக்கல் ஜாயின்ட்டின் துகள்கள் பெரியவை என்பதால் ஒலி சிதறிப்போகும். இதற்கென்று தனிக் கருவியும் பயிற்சியும் தேவை.

கடைசியாகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார்கள். எல்.என்.ஜி-யின் எடை தண்ணீரில் பாதிக்கும் குறைவு. அதனால் பல திட்டங்களில் தொட்டியை முழுக்க நிரப்பாமல், எல்.என்.ஜி எடையைவிட 25 சதவீதம் அதிக எடை வரும் வரை நிரப்புகிறார்கள். பிறகு முதன்முறை குளிர்விக்கும்போது மணிக்குச் சில டிகிரி வீதம்தான் இறக்குவார்கள். ஒரு பக்கம் குளிர்ந்து சுருங்கி, இன்னொரு பக்கம் சூடாகவே இருந்தால், நல்ல ஜாயின்ட்டும் கிழியக்கூடும்.

நிக்கலுக்கு மாற்று வந்துவிட்டதா?

நிக்கல் விலை அதிகம் என்பதால் தேடல் தொடர்கிறது. ஜப்பானில் நிக்கலை 7 சதவீதம் அளவுக்குக் குறைத்து, ஆலையில் பதப்படுத்தும் முறையை மாற்றி உருவாக்கிய எஃகு, எல்.என்.ஜி தொட்டிகளில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனம் நிக்கலுக்குப் பதில் மாங்கனீஸ் அதிகம் சேர்த்த எஃகை உருவாக்கி, 2019-ல் குவாங்யாங் முனையத்தின் தொட்டியில் பயன்படுத்தியது. ஆனாலும் எல்.என்.ஜி தொட்டிகளில் இன்றைக்கும் அதிகம் நம்பப்படுவது 9 சதவீத எஃகுதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?

சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி முனையம் 2019-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன். தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளளவில் இரண்டு தொட்டிகள் உள்ளன. இதுபோன்ற நவீனத் தொட்டிகளில், திரவத்தைத் தாங்கும் உள்தொட்டி 9 சதவீத நிக்கல் எஃகு. அதைச் சுற்றி கான்கிரீட்டால் வெளித்தொட்டி. உள்தொட்டி கசிந்தாலும் திரவம் வெளியே போகாது. கிளீவ்லாந்தின் இரண்டாவது பாடம் இப்படிக் கட்டுமானத்திலேயே இடம்பிடித்துவிட்டது.

வெல்டிங் ஆராய்ச்சிக்காக பெல் நிறுவனம் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் திருச்சியில்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ முடித்து வெல்டிங் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு, நிக்கல் கலவைகளில் தேர்வு எழுதித் தகுதி பெறுவது சாதாரண எஃகு வேலையிலிருந்து ஒரு படி மேலே போகும் வழி.

சுருக்கமாகச் சொன்னால்...

எஃகு சரியா என்பதை ஆலையின் சான்றிதழ் சொல்லிவிடும். ஜாயின்ட் சரியா என்பது, வெயிலில், உயரத்தில் சாரம் கட்டி நின்று வேலை பார்க்கும் வெல்டரின் ஒவ்வொரு ரன்னையும் பொறுத்தது. ஓரத்தைத் துடைத்தாரா, ராடை உலர்த்தினாரா, சூடு ஆறும் வரை காத்திருந்தாரா, முடிவுப் பள்ளத்தை கிரைண்டிங் செய்தாரா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பள்ளத்தை கிரைண்டிங் செய்ய ஒரு நிமிஷம் ஆகும். தொட்டிக்குள் திரவம் ஏறிய பிறகு, உள்ளே போய் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.